480ஐத் தொடவிடாமல்

முதலாளித்துவத்தின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. இதை வெளியில் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் என்னைக் கொஞ்சம் நல்லவனாக எடுத்துக்கொள்கிறார்கள். ரிட்டையர் ஆன மனுஷன், யாருக்கும் பயப்படாமல் நியாயம் பேசுகிறார் என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குச் சேர வேண்டியதில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

வேலைபார்த்த காலம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். பக்கத்துக் கம்பெனியிலும் அதேதான் நடந்தது, அதற்குப் பக்கத்திலும் அதேதான்.

தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு தொழிலாளி 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்துவிட்டால் அவரை நிரந்தரமாக்க வேண்டும். சட்டத்தின் முழுப் பெயர் நீளமானது, எஸ்டேட்டில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். டைம் ஆபீஸ்காரர்களுக்கு அது ‘480’. என் வேலையில் பாதி, யாரும் அந்த எண்ணைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. மஸ்டர் ரோலில் ஒருவர் 400ஐத் தாண்டினால் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். பிறகு கூப்பிட்டு, “ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டு வாப்பா” என்பேன். அதற்குப் பெயர் பிரேக். திரும்பி வரும்போது வேறொரு கான்ட்ராக்டர் பெயரில் புது கார்டு தயாராக இருக்கும். மிஷின் அதே மிஷின், சூப்பர்வைசர் அதே சூப்பர்வைசர், பத்தரை மணி டீயும் அதே டீ. அவர் மட்டும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர்.

1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கும் எங்களிடம் வழி இருந்தது. 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கான்ட்ராக்டருக்கு அந்தச் சட்டம் அப்போது பொருந்தாது. ஆகவே எங்கள் கான்ட்ராக்டர்களிடம் காகிதத்தில் எப்போதும் 19 பேர்தான் இருப்பார்கள். ஒருவர் கூடினால் மச்சான் பெயரில் இன்னொரு கான்ட்ராக்டர் முளைப்பார். லெட்டர்பேடு நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இதில் எனக்கு மன உறுத்தல் இருந்ததில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். உறுத்தலோடு செய்தேன், வேறு வழியில்லாமல் செய்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்க் கணக்கு. நம்பித்தான் செய்தேன். கம்பெனி பிழைத்தால்தான் வேலை, கம்பெனி வளர்ந்தால் எல்லாருக்கும் வரும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வரும். 1991 ஜூலையில் மன்மோகன் சிங் பட்ஜெட் படித்த சமயத்தில் எனக்கு வயது முப்பதைத் தொடவில்லை. உலகம் இனிமேல்தான் திறக்கப்போகிறது என்று நினைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். எதிர்வாதத்துக்கு யாராவது வந்தால் டன்லப்பைக் காட்டுவேன். 1959இல் அம்பத்தூரில் வந்த டயர் ஃபேக்டரி. ஒருகாலத்தில் அங்கே வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். மூடுவதும் திறப்பதுமாக இருந்து கடைசியில் நின்றுபோனது. முதலாளிகள் கைமாறிக் கைமாறி அதைச் சீரழித்த கதையை நான் சொல்ல மாட்டேன். “பெர்மனெண்ட்டா வெச்சா இதுதான் கதி” என்று முடித்துவிடுவேன்.

என் அப்பா பெர்மனெண்ட். பாடிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் டர்னர். இளவட்டமாக இருந்தபோது ஆவடி காங்கிரஸ் மாநாட்டைப் பார்க்கப் போனவர். எங்கள் அண்ணனூரிலிருந்து ஆவடி ஒரு ஸ்டேஷன் தூரம். 1955 ஜனவரியில் அங்கேதான் காங்கிரஸ் தன் 60ஆவது மாநாட்டைக் கூட்டி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே இனி நோக்கம் என்று தீர்மானம் போட்டது. தேபர் தலைவர். நேரு பிரதமர். காமராஜர் முதலமைச்சராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பாவுக்குத் தீர்மானம் ஞாபகமில்லை. ஜனக்கூட்டமும் புழுதியும், நேருவைத் தூரத்தில் பார்த்ததும்தான் ஞாபகம்.

ஆனால் அந்தத் தீர்மானத்தின் பலன் அவர் வீட்டு வாசல்வரை வந்தது. நாலு வருஷத்தில் ராஜாஜி அதெல்லாம் தப்பு என்று சுதந்திரா கட்சி ஆரம்பித்தார். இங்கே ஆவடியில் டேங்க் ஃபேக்டரி எழும்பியது, 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த அதே காலத்தில் முதலில் கிண்டியிலும் பிறகு அம்பத்தூரிலும் தொழிற்பேட்டை வந்தது. சோஷலிசம் பேசிய அரசாங்கமே சின்ன முதலாளிகளுக்கு ஷெட் கட்டிக் கொடுத்தது. இதில் முரண்பாடு இருப்பதாக அப்பா ஒருநாளும் நினைக்கவில்லை. அவருக்கு வேலை கிடைத்தது, யூனியன் கிடைத்தது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செட்டில்மென்ட் கிடைத்தது. போனஸை ஒரு தீபாவளிக்கும் செலவழிக்காமல் சேர்த்து அண்ணனூரில் மனை வாங்கினார். பி.எஃப். லோனில் தளம் போட்டார். நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற வீடு அதுதான்.

பெர்மனெண்ட் வேலையில் எழும்பிய வீட்டிலிருந்து தினமும் சோறு கட்டிக்கொண்டு கிளம்பிப் போய், மற்றவர்கள் யாரும் பெர்மனெண்ட் ஆகாமல் பார்த்துக்கொண்டேன். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. உறைத்த பிறகும் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடுவில் ஒரு கடிதம் இருக்கிறது. வந்தவாசிப் பக்கத்துக்காரர் ஒருவர் பிரஸ் ஷாப்பில் ஆறு வருஷம் இருந்தார். ஆறு வருஷத்தில் அவருக்கு எத்தனை பிரேக், எத்தனை கார்டு என்று என் மஸ்டரில்தான் தெரியும். ஒரு நைட் ஷிஃப்டில், ஆர்டர் அவசரத்தில் பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். வலது கையில் இரண்டு விரல் போனது. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இ.எஸ்.ஐ.யில் சேர வேண்டியதும் பிறகு சேர்ந்தது. அவர் கேட்டது வேறு. என்னை பெர்மனெண்ட் ஆக்குங்கள், விரலில்லாதவன் செய்யக்கூடிய வேலை ஒன்று கொடுங்கள் என்றார். யூனியன்காரர் ஒருவர் அவருக்காக மனு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் எழுதியது நான். ‘மேற்படி நபர் எங்கள் நிறுவனத்தின் தொழிலாளர் அல்ல. ஒப்பந்ததாரரின் ஆள். பணியில் சேர்ந்து நான்கு மாதமே ஆகிறது.’ கீழே கையெழுத்து என்னுடையது. மேனேஜர் சொல்லித்தான் எழுதினேன், ஆனால் அந்த நான்கு மாதம் என்கிற விவரத்தை அவர் சொல்லவில்லை. அதை நானே தேடிச் சேர்த்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சேர்த்தேன்.

இதனால்தான் நம்பிக்கை போனது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். போகவில்லை. அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் நன்றாகவே வந்தது.

நம்பிக்கை போனது என் மகனுக்கு வேலை போன அன்று. எஸ்டேட்டில் பழைய ஷெட்டுகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பினதல்லவா, அப்படி ஒன்றில் அவன் இருந்தான். வருஷத்துக்கு 24 லட்சம் சம்பளம். ஒரு வீடியோ காலில் பேசி, அன்று சாயந்திரமே லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். தானாக ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுத்தால் அடுத்த வேலைக்கு நல்லது என்றார்களாம். அந்தக் காகிதத்தைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எவ்வளவு நைச்சியமான வாசகம்! அதில் தொழில் நேர்த்தி இருப்பதையும் என் கண் கவனித்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் நிறையப் படித்தேன். தாமஸ் பிக்கெட்டியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2024இல் வெளியிட்ட இந்தியக் கணக்கு எனக்கு மனப்பாடம். 2022-23இல் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம் மேலே இருக்கும் ஒரு சதவீதத்தாருக்குப் போகிறது. சொத்தில் 40.1 சதவீதம். பூங்காவில் நடக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது, எல்லாரும் “அடப்பாவிகளா” என்பார்கள். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. 2020இல் எடல்மேன் நிறுவனம் பல நாடுகளில் கேட்ட கருத்துக் கணிப்பில், இன்றைய முதலாளித்துவம் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது என்று 56 சதவீதம் பேர் சொன்னார்கள். இந்தியாவில் 74 சதவீதம். அமெரிக்காவிலேயே 2025இல் கேலப் கேட்டபோது முதலாளித்துவத்தை நல்லவிதமாகப் பார்ப்பவர்கள் 54 சதவீதமாக இறங்கியிருந்தார்கள். 2010இலிருந்து அவர்கள் கேட்டுவருவதில் இதுதான் குறைவு. நான் சேர்ந்திருப்பது சின்னக் கூட்டமில்லை.

அதே பிக்கெட்டி கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த ஒரு சதவீதத்துக்குள் நுழைய வருஷத்துக்குச் சுமார் 21 லட்சம் வருமானம் போதும். மகனின் சம்பளம் 24 லட்சம். நான் பூங்காவில் ‘அவன்கள், அவன்கள்’ என்று திட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் இருந்திருக்கிறது. இந்த எண்ணை நான் பூங்காவில் சொன்னதில்லை.

இங்கேதான் என் குற்றத்தின் நடு இடம் வருகிறது. நம்பிக்கை இருந்த காலத்தில் என்னை மடக்கியிருக்க முடியும். ‘வளர்ந்தால் எல்லாருக்கும் வரும் என்றாயே, வந்ததா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் கணக்குக் காட்ட வேண்டியிருந்திருக்கும். டர்ன்ஓவர் ஏறின வருஷங்களில் கான்ட்ராக்ட் கூலி எவ்வளவு ஏறியது என்று என் ரெஜிஸ்டரே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது யாராலும் மடக்க முடியாது. எல்லாமே அழுகிவிட்டது என்று சொல்பவனிடம் என்ன கேட்பது? பூங்காவில் ஒருவர் மட்டும் கேட்டார். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் யூனியன் ஆள், 2021 அக்டோபரில் படைத்தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது கேட்டில் நின்றவர். “சார், நீங்க டைம் ஆபீஸ்ல இருந்தீங்களே, 480 நீங்கதான் பாப்பீங்களா?” என்றார். “அப்ப சிஸ்டமே அப்படி சார்” என்றேன். அவர் மேலே பேசவில்லை. சிஸ்டத்தை நம்பிய காலத்திலும் அது எனக்கு வேலை செய்தது, நம்பாத காலத்திலும் வேலை செய்கிறது.

சமத்துவம் பற்றிய பேச்சு இந்தப் பக்கத்தில் எங்கே போய் நிற்கிறது என்று கவனித்து வருகிறேன். எல்லாம் மேலே போய்விட்டது, அம்பானி அதானி உயரத்துக்கு. அந்த உயரத்தில் பேசினால் அண்ணனூரில் யாருக்கும் பைசா செலவில்லை. ஒரு சதவீதம் போக மீதி 99 பேரும் ஒரே கட்சி என்றால் வீட்டுக்காரனும் ஒரே கட்சி, அவன் மாடியில் குடியிருப்பவனும் ஒரே கட்சி. இந்த மண்ணில் அந்தப் பேச்சு இப்படி மொட்டையாக இருந்ததில்லை. பெரியார் 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பி ஈரோட்டுத் திட்டம் போட்டபோது சுயமரியாதையையும் சமதர்மத்தையும் சேர்த்தேதான் வைத்தார். அம்பேத்கர் 1938இல் மன்மாடில், ரயில்வேயில் வேலை பார்த்த தலித் தொழிலாளர்களிடம் பேசும்போது பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகளைக் காட்டினார். அதற்கும் முன்னால், 1921இல் பின்னி மில் வேலைநிறுத்தம் சாதியால் இரண்டாகப் பிளந்து புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. நாங்கள் பூங்காவில் இரண்டாவது எதிரியை மட்டும் வைத்துக்கொண்டோம். வீடு காலி என்று போர்டு மாட்டினால், போனில் வருகிறவரிடம் எத்தனை பேர் என்பதற்கு அடுத்து நான் கேட்பது, “நீங்க எந்தப் பக்கம்?” ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் ஆதரவெல்லாம் தூரத்துப் போராட்டங்களுக்கு. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஃபாக்ஸ்கான் கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு அறையில் இத்தனை பேரை அடைப்பதா என்று நான் கொதித்தேன். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு வந்து, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தபோது குரூப்பில் முதல் ஆளாக வாழ்த்துப் போட்டேன். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் யூனியன் பதிவுக்காக ஒரு மாதத்துக்கு மேல் பந்தலில் உட்கார்ந்தார்கள். தினமும் ஃபார்வர்டு செய்தேன்.

அந்த நாட்களிலெல்லாம் என் மாடியில் இரண்டு அறை. ஷீட் போட்டவை. அறைக்கு ஆறு பேர், ஒடிசாப் பையன்கள், எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை. குடும்பத்துக்கு விட்டால் அறைக்கு ஐயாயிரம் வரும். இவர்களிடம் தலைக்கு 1,500. கரண்டுக்குத் தனி மீட்டர் வாங்கவில்லை, சப் மீட்டர்தான். என் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. அதையும் சேர்த்தே அவர்களிடம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறேன். தெருவில் எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்று இங்கே எழுத வந்தேன். எஸ்டேட்டிலும் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

போன மாதம் அவர்களில் ஒருவர் கீழே இறங்கி வந்தார். ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும், கேஸ் இணைப்புக்கும் கேட்கிறார்கள், வாடகை ஒப்பந்தம் போட்டுத் தர முடியுமா என்றார். “அங்கிள், ஸ்டாம்ப் பேப்பர் காசு நான் கொடுக்கிறேன்.” தமிழ் நன்றாகவே வருகிறது, மூன்று வருஷம் ஆகிவிட்டதே. நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகப் பேசியது. “இப்ப வேணாம்ப்பா, அடுத்த மாசம் பாக்கலாம்.” காகிதம் என்று ஒன்று இருந்தால் அவர் எத்தனை நாளாக இங்கே இருக்கிறார் என்பது எழுத்தில் வந்துவிடும். காலி செய் என்று சொல்வது கஷ்டம். டைம் ஆபீஸ் மூளை. அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். கேட்டவரை இந்த வருஷம் ஊருக்கு அனுப்பிவிட்டுப் புது ஆள் எடுக்கலாமா என்றுகூட அன்று ராத்திரி ஒரு நிமிஷம் நினைத்தேன்.

இதை எழுத ஆரம்பித்த வாரத்தில் வீட்டில் பேசினேன். யூனிட்டை எட்டு ரூபாய் ஆக்கிவிடலாம், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றேன். என் மனைவி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏங்க, மனசுக்குக் கஷ்டமா இருந்தா குறைங்க. ஆனா மோட்டார் ஓடுதே, தண்ணிக்குன்னு தலைக்கு அம்பது ரூபா தனியா போட்ருங்க” என்றாள். போட்டேன். மாடியில் மாதம் ஏறத்தாழ 200 யூனிட் ஓடும், அதில் எனக்கு 400 ரூபாய் நஷ்டம். 12 பேருக்குத் தண்ணீர்க் காசு 600 ரூபாய். முன்பைவிட மாதம் 200 ரூபாய் அதிகமாக வருகிறது.